இரணைமடுவின் பன்னிரு மாதங்கள்



ஏரிக்கரை ஊர் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவன நுவரெலியாவும் கோடைக்கானலுமே. நுவரெலியாவிலுள்ள கிறகரி வாவி 1873 ஆம் ஆண்டில், அந்நாளைய தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. கோடைக்கானல் ஏரியோ, மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863 ஆம் ஆண்டில் கட்டுவித்தது. குளிர்ந்த தேசத்திலிருந்து வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கித் தங்கிய மலைநகர்களுக்கு அவை அழகு செய்தன. இன்றும் அங்கே செல்வோர் படகில் ஏறுவர், குதிரையில் சுற்றுவர், படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். நுவரெலியாவுக்கு ஏப்பிரல் மாதமே வசந்த காலம் என்பதும் யாவரும் அறிந்ததே.

கொழும்பில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் வன்னியிலும் கடல்போல ஒரு குளம் உண்டாமே; எந்த மாதம் போனால் பார்க்கலாம்?" என்றார். "எந்த மாதமும் போகலாம், ஆனால் அந்தந்த மாதத்துக்கு உரியதையே காணலாம்" என்று விடை கூறினேன். அவருக்கு அது விளங்கவில்லை. அந்த விடையைச் சற்று விரித்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முரசுமோட்டை எங்கள் ஊர். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கு நோக்கிச் சில கிலோமீற்றர் சென்றால் இரு புறமும் வயல்வெளி விரியும். தென்னை நிழலில் வீடுகளும் வாய்க்கால்களும் தென்படும். அதுவே முரசுமோட்டை. மோட்டை என்பது வன்னியிலே சிறு நீர்நிலைக்கு வழங்கும் பெயர். மடு என்பது ஆழமான நீர்நிலை. குளம் என்பது கட்டுக் கட்டித் தேக்கியது. எங்கள் நாட்டின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவதொரு நீர்நிலையின் பெயரிலேதான் முடியும். நீர் நின்ற இடத்தில் மனிதர் நின்றனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எங்கள் வயல்களுக்கு நீர் தருவது தெற்கேயுள்ள இரணைமடுக் குளம். இரணை என்றால் இரட்டை. இரு மடுக்கள் ஒன்றான இடம் ஆதலின் இப்பெயர் வந்தது என்பர். வவுனியாப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆற்றை இங்கே மறித்திருக்கிறார்கள். குளத்தைக் கடந்த ஆறு எங்கள் பகுதி வழியே ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கிறது. 1902 ஆம் ஆண்டிலே தொடங்கிய கட்டுவேலை 1920 ஆம் ஆண்டளவிலேதான் நிறைவெய்தியது. பின்னர் 1930 களில், யாழ்ப்பாணத்திலே காணியற்றிருந்த குடும்பங்களைக் கொணர்ந்து, குளத்தின் கீழ்க் காடு வெட்டிக் குடியேற்றினார்கள். கிளிநொச்சி நகரம் அவ்வாறு எழுந்ததே. அதன் பின்னரும் பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது. இறுதியாக நடைபெற்ற திருத்த வேலை 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறைவு பெற்றது. இன்று முப்பத்தாறு அடிவரை நீர் தேக்கலாம்.

இந்த அடிக் கணக்கை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில் இரணைமடுவைப் பார்ப்பதற்கு அதுவே திறவுகோல்.

என் பெரியப்பா கமக்காரர். மாரி காலத்தில் காலையிலே படலைக்கு வந்து, தெருவாற் போகிறவர்களிடம் அவர் கேட்கும் முதற் கேள்வி, "குளம் எத்தனை அடி?" என்பதே. சுகம் விசாரிப்பது அதற்குப் பின்னர்தான். சிறுவனாயிருந்தபோது ஒருநாள் நான் அவருடன் குளக்கட்டில் நின்று, "தண்ணி எவ்வளவு வடிவாயிருக்கு, பெரியப்பா!" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீ தண்ணியைப் பாக்கிறாய் தம்பி; நான் வயலைப் பாக்கிறன்" என்றார். அன்று அது எனக்கு விளங்கவில்லை.

கணக்கு இதுதான். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீரை ஓர் ஏக்கர் அடி என்பர். இரணைமடு நிறைந்தால் ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீர் கொள்ளும். அதன்கீழ் உள்ள வயல் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்தடி நீர் வருகிறது. அதிலும் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் மண் தன் பங்கை உறிஞ்சும். எஞ்சியதே பயிருக்கு. ஆகவே குளம் நிறைந்து நின்றாலும் மிச்சம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. குளக்கட்டில் நின்று நாம் காணும் அந்த நீலப் பரப்பு, ஏற்கெனவே பங்கிடப்பட்ட சோறு.

இனி மாதங்களுக்கு வருவோம். கமக்காரனுடைய ஆண்டு ஐப்பசியிலே பிறக்கிறது.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை இறங்கும். அதற்கு முன்னரே புழுதி விதைப்பாக விதைத்த வயல்கள் முளை காட்டும். மழை பிந்தினாலும் பழுது. முந்தி வந்து மூடினாலும் பழுது. இக்காலத்தில் வருகிறவர் குடையோடு வரவேண்டும். குளம் அப்போது பார்வைக்குப் பெரிதாக இராது, சேற்று நிறமாயிருக்கும். ஆனால் நாளுக்கு நாள் நீர் ஏறுவதைக் காணலாம். கார்த்திகையில் விளக்கீட்டன்று வீட்டு வாயில்களில் விளக்கு எரியும். வயலிலே தவளைகளின் ஓசை இரவு முழுவதும் ஓயாது.

மார்கழியில், மழை நன்கு பெய்த ஆண்டாயின், வான் கதவுகள் திறக்கப்படும். வான் பாய்கிறது என்ற செய்தி பரவியதும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வாகனங்கள் வந்து நிறையும். நுரை பொங்கப் பாயும் நீரைக் காண்பது இன்பமே. அதனை மறுக்கவில்லை. ஆயினும் 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், திருத்திய குளம் திறக்கப்பட்டு இரண்டு வாரங்களில், ஓரிரவிற் கொட்டிய பெருமழையால் வெள்ளம் பெருகிக் கனகராயன் ஆற்றோரத்துத் தாழ்ந்த ஊர்களிற் புகுந்தது. வீடுகளை விட்டுப் பாடசாலைகளிலே தங்கியவர்கள் பலர். இழந்த கால்நடைகளுக்கும் அழிந்த பயிருக்கும் கணக்கு இல்லை. ஆதலின் வான் பாய்வதைப் பார்க்க வரும் அன்பர்கள், அந்த நீர் கீழே யார் வீட்டு வாசலுக்குச் செல்கிறது என்பதையும் ஒருகணம் எண்ண வேண்டும். பாயும் நீரில் இறங்கிக் குளிப்பதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நீரின் இழுப்பு கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

தையும் மாசியும் அறுவடைக் காலம். என்னைக் கேட்டால் முதன்முறை வருகிறவர்கள் இப்போதே வரவேண்டும். மழை ஓய்ந்து பனி விழும் காலம். வயல் பொன்னிறமாயிருக்கும். முன்னாளிலே சூடு மிதிக்கும் மாடுகளின் பின்னே பாட்டுக் கேட்கும். இன்று அறுவடை இயந்திரங்களின் இரைச்சல் கேட்கிறது. வைக்கோல் மணம் மட்டும் மாறவில்லை. தைப்பொங்கலும் மறுநாட் பட்டிப்பொங்கலும் வீட்டுக்கு வீடு நடைபெறும். தைப்பூசத்தன்று புதிர் எடுத்துப் புத்தரிசிச் சோறு உண்பர். அப்போது வரும் விருந்தினரை உண்ணாமல் அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

பறவைகளைக் காணவும் இதுவே தகுந்த காலம். ஆறு சென்று கலக்கும் சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகவும் 2015 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. வடதேசங்களின் குளிருக்கு அஞ்சி வரும் வாத்தினங்களும், நீண்ட காலையுடைய பூநாரைகளும் அங்கே கூடும். அறுத்த வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் நடை பயிலும். கூழைக்கடாக்கள் குளத்தின் நடுவே மிதக்கும். இவற்றைப் பார்க்கக் கட்டணம் கொடுத்துப் படகில் ஏற வேண்டியதில்லை. குளக்கட்டிலோ வரம்பிலோ விடியற்காலையில் ஓசையின்றி நின்றால் போதும்.

தை மாதத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கூறாமல் விட இயலாது. 2009 ஆம் ஆண்டு தொடக்கத்தில், வயல்கள் விளைந்து நின்ற அதே பருவத்தில், யுத்தம் எங்கள் ஊரைக் கடந்து சென்றது. அன்று கிளிநொச்சிப் பகுதி மக்கள் இந்தப் பரந்தன் – முல்லைத்தீவுத் தெரு வழியாகவே, உழவு இயந்திரங்களிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் ஏற்றிய பொருளோடு, கிழக்கே நகர்ந்தனர். அறுக்க ஆளின்றிக் கதிர்கள் வயலிலேயே நின்றன. அத்தெருவிற் சென்றவர்களில் திரும்பி வராதவர் பலர். அவ்வாண்டு மாரியில் நாங்கள் வவுனியாப் பக்கத்திலே முகாமொன்றில் இருந்தோம். கூடாரத்தின்மேல் மழை விழுந்தபோது பெரியப்பா எழுந்திருந்து, "இரணைமடு இப்ப எத்தனை அடியோ?" என்றார். விடை சொல்ல எவரும் இல்லை. அவர் கேட்டது குளத்தைப் பற்றி மட்டுமன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஊர் இருக்கிறதா, வயல் இருக்கிறதா, நாம் திரும்புவோமா என்பனவெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தன.

திரும்பினோம். கண்ணிவெடி அகற்றிய வயலில் மீண்டும் விதைத்தோம். 1956 ஆம் ஆண்டிலே ஓடத்தொடங்கி 1990 இல் நின்றுபோன யாழ்தேவி, 2013 ஆம் ஆண்டிலே மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது. இன்று விருந்தினர் வருவதைப் பற்றிப் பேச முடிகிறதென்றால் அதுவே பெரும்பேறு.

பங்குனியில் வெயில் ஏறும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிலே பங்குனி உத்தரப் பொங்கலுக்கு மக்கள் திரளாகக் கூடுவர். முரசுமோட்டைத் தெரு அன்று உறங்காது. இதே காலத்தில் மற்றுமொரு கூட்டமும் நடைபெறும். அதனை எந்தப் பயண நூலும் குறிப்பிடுவதில்லை. அதுவே சிறுபோகக் கூட்டம். மாவட்ட அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்பினரும் ஒருங்கு கூடி, குளத்தில் எத்தனை அடி இருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளில் நிறுத்துவது என்று தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டில் முழு நிலத்துக்கும் பாய்ச்ச இயலாது. அப்போது ஒரு பகுதி நிலத்தைத் தெரிந்து அதனைப் பங்கிட்டுக்கொள்வர். உரத்த பேச்சு எழும்; மனக்கசப்பும் உண்டாகும். ஆனாலும் முடிவு எழுதப்பட்டபின் வாய்க்கால் அதன்படியே ஓட வேண்டும். பொதுப்பொருளை மனிதர் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதைக் காண விரும்புவோருக்கு இதனினும் நல்ல காட்சி கிடையாது.

சித்திரை பிறந்ததும் சிறுபோகம் விதைப்பர். சுற்றிலும் காடு வாடும்போது குளத்தின்கீழ் மட்டும் பசுமை தழைக்கும். வைகாசியில் முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காண எங்கும் உள்ளவர் எங்கள் தெரு வழியே செல்வர். வழியிலே மோரும் தண்ணீரும் கொடுப்பது ஊரவர் கடன்.

ஆனியிலும் ஆடியிலும் சோளகக் காற்று புழுதி வாரி வீசும். வெளியூரார் இக்காலத்தை விரும்பார். எனினும் பாலைப்பழமும் வீரைப்பழமும் கனிவது இக்காலத்தை ஒட்டியே. பாலைப்பழத்தை ஓலைக் குடுவையிற் கொணர்ந்து தெருவோரத்தில் விற்பர். உண்டவர் உதடு ஒட்டும். இனிப்போ நாவில் நெடுநேரம் நிற்கும். குளத்தில் நீர் இறங்க இறங்க வலைஞருக்கு மீன்பாடு கூடும். விராலும் கெளுத்தியும் உண்டு. 1952 ஆம் ஆண்டிலே இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மீனாகிய திலாப்பியாவும் உண்டு. விடியுமுன் தோணி கரையேறும்போது நின்றால், உயிர்மீனை வாங்கிக்கொள்ளலாம். குளம் இறங்கிய கரையிலே புல் முளைக்கும். எருமைப் பட்டிகள் அங்கே மேயும். எருமைத் தயிரின் சுவைக்குக் காரணம் அப்புல்லே என்பது எங்கள் ஊரார் கொள்கை. வடக்கே ஆனையிறவில் இதே வெயில் உப்பை விளைவிக்கும். ஒரு வெயில் ஓரிடத்திற் குளத்தைக் குடிக்கிறது. மற்றோரிடத்தில் உப்பைத் தருகிறது.

ஆவணியில் சிறுபோக அறுவடை. புரட்டாசியில் குளம் அடித்தளத்தை அண்மிவிடும். பட்டுப்போன மரங்களின் அடிகள் நீருக்கு வெளியே தோன்றும். காய்ந்த சேறு பாளம் பாளமாய் வெடிக்கும். அக்காலத்தில் அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. வரம்பு கட்டுவோரும் வாய்க்கால் துப்புரவு செய்வோரும் விதைநெல் உலர்த்துவோருமாக ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்து நிற்கும் மாதம் அது. நிறைந்த குளத்தின் அருமை வற்றிய குளத்தைக் கண்டவனுக்கே தெரியும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எழுகிறது. இரணைமடுவை உல்லாசப் பயணிகளின் நகரமாக்கலாமா? ஆக்கலாம் என்பாரும் உளர்; கூடாது என்பாரும் உளர். சில ஆண்டுகளுக்கு முன்னர், இக்குளத்து நீரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, எங்கள் கமக்காரர் அஞ்சி எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகம் பொய்யன்று. கமக்காரரின் அச்சமும் பொய்யன்று. இரு திறத்தாரும் உறவினரே. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. உடன்பிறப்புகளுக்கிடையிலேயே இத்துணை நுணுக்கமாக எண்ணப்படும் நீரை, விடுதிகளின் குளிப்புத் தடாகங்களுக்கு எண்ணாமல் விட முடியுமோ?

ஆயினும் விருந்தினர் வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். மார்கழியில் இரண்டு நாள் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வந்து, வான் பாய்வதைப் பார்த்துவிட்டு, பிளாத்திக்குப் போத்தல்களைக் கட்டிலே விட்டுச் செல்வதனால் ஊருக்குப் பயனில்லை. அதே மக்கள் பன்னிரண்டு மாதத்திலும் சிறிது சிறிதாக வந்தால் தையில் புத்தரிசி வாங்குவர். ஆனியில் பாலைப்பழம் வாங்குவர். ஆடியில் மீனும் தயிரும் வாங்குவர். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே கையிற் காசற்றிருக்கும் வீட்டுக்கு அது பேருதவி. ஊர்ப் பெண்கள் சமைத்த சோற்றை அவ்வூர்த் திண்ணையிலிருந்து உண்டு செல்பவருக்கு, பெரிய விடுதி எதற்கு? கட்டின்மேல் வாகனம் ஓட்டாதிருத்தல், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லல், வாய்க்காலிற் சவர்க்காரம் கலக்காதிருத்தல் ஆகிய மூன்றையும் பேணினால், வருகிறவர் யாராயினும் எங்களுக்கு உறவினரே.

பெரியப்பா இப்போது இல்லை. ஆனால் மாரியில் நான் ஊருக்குத் தொலைபேசியிற் பேசும்போது, என்னையறியாமலே முதலிற் கேட்பது அவருடைய கேள்வியைத்தான். நேயர்களே, நீங்களும் ஒருநாள் முரசுமோட்டைக்கு வாருங்கள். எந்த மாதமாயினும் சரி. தெருவோரத் தேநீர்க் கடையில் அமர்ந்து, "ஐயா, குளம் எத்தனை அடி?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியோடு நீங்கள் வேற்றூரார் அல்லர். உங்களுக்கு இருக்கை தருவார்கள், கதை சொல்வார்கள், பெரும்பாலும் தேநீருக்குக் காசும் வாங்கமாட்டார்கள்.